சாலையோரத்தில் நின்று எண்ணுவது எப்படிக் கணிதமாகும்?

கேள்வி: இளநிலைக் கணிதம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இந்த செமஸ்டரில் விருப்பப் பாடமாக, முதுமையும் நகர வாழ்வும் பற்றிய ஒரு துறையிடைப் பாடத்தை எடுத்தேன். கட்டடப் பொறியியல், உளவியல், சமூகவியல் மாணவர்களோடு நானும் ஒரே குழுவில் இருக்கிறேன். முதியவர்கள் சாலையைக் கடக்க எவ்வளவு நேரமாகிறது என்று சிக்னல் அருகே ஸ்டாப்வாட்ச்சுடன் நின்று குறித்ததுதான் இதுவரை நடந்தது. பேராசிரியர் பாடம் நடத்துவதே இல்லை; கேள்வி கேட்டால் திருப்பிக் கேள்வி கேட்கிறார். எதையும் கற்றுக்கொண்டதாக எனக்குத் தோன்றவில்லை. குழுவில் ஒருவர் வேலையே செய்வதில்லை. "இதற்கு இன்னொரு கணிதத் தாளை எடுத்திருக்கலாமே" என்று அப்பா வருத்தப்படுகிறார். பாடத்திலிருந்து விலக இன்னும் சில நாட்கள்தான் இருக்கின்றன. விலகிவிடட்டுமா?

— பெயர் வெளியிட விரும்பாத மாணவி

பதில்: விலகாதீர்கள். உங்கள் முதன்மைப் பாடத்தில் ஏதாவது தாள் நிலுவையில் இருந்து, அதற்கு நேரம் போதாமல் தவித்தால் மட்டும் விலகுங்கள், அதில் தவறில்லை. உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை. இருப்பது, "கற்றுக்கொண்டதாகத் தோன்றவில்லை" என்ற கவலை. அந்தத் தோற்றத்தை அப்படியே நம்பிவிட வேண்டாம்.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் அறிமுக இயற்பியல் வகுப்புகளில் நடந்த ஆய்வு ஒன்று 2019-இல் வெளியானது. மாணவர்களில் ஒரு பகுதியினர் தேர்ந்த ஆசிரியரின் சரளமான விரிவுரையைக் கேட்டார்கள். இன்னொரு பகுதியினர் அதே பாடப்பொருளைச் சிறு குழுக்களாக உட்கார்ந்து, தாங்களே கணக்கோடு மல்லுக்கட்டிக் கற்றார்கள். தேர்வு வைத்தபோது மல்லுக்கட்டியவர்களே நன்றாக எழுதினார்கள். ஆனால் எவ்வளவு கற்றதாக நினைக்கிறீர்கள் என்று கேட்டபோது, விரிவுரை கேட்டவர்கள்தான் அதிகம் கற்றதாகச் சொன்னார்கள். தெளிவான விரிவுரையைக் கேட்கும்போது எல்லாம் புரிந்துவிட்டதுபோல் இருக்கும். நாமே திணறும்போது ஒன்றுமே ஏறாததுபோல் இருக்கும். நீங்கள் இப்போது இரண்டாவது நிலையில் இருக்கிறீர்கள்.

இனி அந்த ஸ்டாப்வாட்ச்சுக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் கையில் இருப்பது அருமையான கணக்கு. நடப்பவர்களுக்கான பச்சை விளக்கின் நேரத்தைத் தீர்மானிக்கும்போது, மனிதர் நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பார் என்று வைத்துக்கொள்வது பல நாடுகளில் நெடுநாள் வழக்கம். அந்தக் கணக்குப்படி 18 மீட்டர் அகலச் சாலைக்கு 15 நொடி போதும். நொடிக்கு 0.8 மீட்டர் நடக்கும் ஒரு மூதாட்டியை நினைத்துப்பாருங்கள். அவருக்கு 22.5 நொடி வேண்டும். பதினைந்தாவது நொடியில் அவர் 12 மீட்டர்தான் கடந்திருப்பார். மீதி 6 மீட்டர் அவர் முன்னால் கிடக்க, நிற்கும் வண்டிகள் உறுமத் தொடங்கிவிடும்.

அப்படியானால் எந்த வேகத்தை வைத்து நேரம் ஒதுக்குவது? நீங்கள் குறித்த வேகங்களின் சராசரியை எடுத்தால், ஏறத்தாழப் பாதிப் பேர் நடுச்சாலையில் மாட்டிக்கொள்வார்கள். மிக மெதுவாக நடப்பவரை வைத்துக் கணக்கிட்டால் போக்குவரத்து தேங்கும் என்பார் உங்கள் பொறியியல் தோழர். சாலை நடுவே நின்று இளைப்பாற ஒரு திட்டு கட்டினால் என்ன என்று அவரே கேட்கவும் கூடும். பச்சை விழுந்த பிறகும் முதியவர் ஓரிரு நொடி தயங்குகிறாரே, ஸ்டாப்வாட்ச்சை விளக்கு மாறியதும் அழுத்துவதா, கால் எடுத்து வைத்ததும் அழுத்துவதா என்பது உளவியல் மாணவர் எழுப்ப வேண்டிய கேள்வி. எனக்கு மிகவும் பிடித்தது சமூகவியல் மாணவர் கேட்க வேண்டியது: பயத்தால் அந்தச் சாலைக்கு வருவதையே நிறுத்திவிட்டவர்கள் உங்கள் பட்டியலில் எங்கே? மாதிரி எடுப்பதில் நேரும் சாய்வு என்று புள்ளியியல் தாளில் இதை நீங்கள் படித்திருப்பீர்கள். அங்கே அது ஒரு வரையறையாக இருந்தது. இங்கே, வீட்டைவிட்டு வெளியே வராத மனிதர்களாக இருக்கிறது.

கணிதத் தாள் இன்னொன்று எழுதியிருந்தால் சூத்திரத்தை இன்னும் வேகமாகப் போடப் பழகியிருப்பீர்கள். எந்தச் சூத்திரத்தைப் போட வேண்டும், எதை அளக்க வேண்டும் என்பதை யாரும் சொல்லாதபோது தீர்மானிக்கும் பழக்கம் வேறு வகை. அது இப்படித்தான் வரும்.

ஆனால் சாலையோரத்தில் நின்றதாலேயே அது வந்துவிடாது. அனுபவம் எல்லாமே கல்வியாகிவிடாது, சில அனுபவங்கள் கற்பதற்குத் தடையாகவும் அமையும் என்று 1938-லேயே எச்சரித்தவர், அனுபவவழிக் கல்விக்காக வாதாடிய அதே அமெரிக்கத் தத்துவவாதி ஜான் டூயி. 1984-இல் அமெரிக்கக் கல்வியியலாளர் டேவிட் கோல்ப் இதை ஒரு சுழற்சியாக விளக்கினார்: பட்டறிதல், அதைத் திரும்பிப் பார்த்தல், அதிலிருந்து ஒரு கருத்தை உருவாக்குதல், அதை மறுபடி சோதித்தல். உங்கள் கடிதத்தைப் படிக்கையில், குழு முதல் படியிலேயே நின்றுகொண்டிருக்கிறது என்று தோன்றுகிறது. எண்களைச் சேர்த்தீர்கள், அவற்றின் முன் உட்காரவில்லை. களத்துக்குப் போய் வந்த அன்று மாலையே ஒரு நோட்டில் எழுதுங்கள். என்ன எதிர்பார்த்துப் போனீர்கள், என்ன நடந்தது, எந்த அனுமானம் உடைந்தது, அடுத்த முறை எதை வேறு விதமாக அளப்பீர்கள்? மறுநாள் எழுதலாம் என்று தள்ளிவைத்தால் பாதி மறந்துபோகும்.

பேராசிரியர் விஷயத்தில் உங்கள் சந்தேகம் நியாயமானது. கேள்விக்குக் கேள்வி கேட்பது சிறந்த ஆசிரியரின் வழியாகவும் இருக்கலாம், வகுப்பைத் தட்டிக்கழிக்கும் வழியாகவும் இருக்கலாம். நீங்கள் எழுதிக் கொடுத்ததைப் படித்துத் திருத்துகிறாரா, அவர் கேட்ட கேள்வியால் உங்கள் அடுத்த நாள் வேலை மாறுகிறதா என்று பாருங்கள். பல துறை ஆசிரியர்கள் முறைவைத்து வந்து தத்தம் பாடத்தை ஒப்பித்துவிட்டுப் போவதற்கு இது எவ்வளவோ மேல். அதைத் துறையிடைப் பாடம் என்று அழைப்பதையே நான் ஏற்பதில்லை.

உங்கள் அப்பாவின் கவலையைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். இது திடீரென்று முளைத்த மோகம் என்று அவர் நினைத்தால், அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் பொறியியல் மாணவர்கள் வகுப்பறையிலும் தொழிற்கூடத்திலும் மாறி மாறிப் படிக்கும் முறை 1906-லேயே தொடங்கியதைச் சொல்லுங்கள். டென்மார்க்கின் ஆல்போர் பல்கலைக்கழகம் 1974-இல் தொடங்கியதிலிருந்தே உண்மையான சிக்கல்களைக் குழுவாக ஆராயும் செயல்திட்டங்களைச் சுற்றித்தான் படிப்பை அமைத்திருக்கிறது. இவற்றையெல்லாம்விட, உங்கள் வேகக் கணக்கை வரைபடமாகப் போட்டு அவருக்கு விளக்கிக் காட்டுங்கள். அதில் கணிதம் இருக்கிறதா இல்லையா என்று அவரே சொல்லட்டும்.

வேலை செய்யாத அந்தத் தோழரின் பங்கை மட்டும் மௌனமாக நீங்கள் சுமக்காதீர்கள். இத்தகைய குழுக்களில் ஒதுங்கி நிற்பவர் பல நேரம் சோம்பேறி அல்லர். தன் துறைக்கு இங்கே என்ன வேலை என்று தெரியாமல் விழிப்பவர். மேலே சொன்ன கேள்விகளில் அவருடைய துறைக்கு உரியதை அவரிடமே கொடுங்கள். யார், எதை, எந்தத் தேதிக்குள் முடிப்பது என்று ஒரு தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்திடுங்கள். அதன் பிறகும் அவர் அசையாவிட்டால், செமஸ்டர் முடியும்வரை காத்திருக்காமல் அந்தத் தாளோடு பேராசிரியரைப் பாருங்கள். தனிநபர் அறிக்கைக்குத் தனி மதிப்பெண் உண்டா என்பதையும், விலகும் தேதிக்கு முன்பே, அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.