முதலில் எட்டை வாசியுங்கள்: மாதிரி ரயில் ஒலி டிகோடர் கேள்வி-பதில்

கேள்வி: கனடாவிலிருந்து வந்த சித்தப்பா ஒலியுள்ள மாதிரி ரயில் எஞ்சின் ஒன்றைத் தந்தார். பெட்டியும் இல்லை, தாளும் இல்லை. உள்ளே இருப்பது எந்த டிகோடர், அதாவது ஓட்டத்தையும் ஒலியையும் இயக்கும் மின்பலகை? (முல்லைத்தீவு)

பதில்: எஞ்சினைப் புரோகிராம் தண்டவாளத்தில் (டிகோடரின் அமைப்புகளை வாசிக்கவும் எழுதவும் தனியாக வைத்திருக்கும் துண்டு) வைத்து சி.வி. 8 ஐ, அதாவது டிகோடரில் எண்ணிட்டுச் சேமித்திருக்கும் அமைப்புகளில் எட்டாம் எண்ணுள்ளதை, கட்டுப்பாட்டுப் பெட்டியால் வாசியுங்கள். 151 என்றால் தயாரிப்பாளர் ஈ.எஸ்.யு., 145 என்றால் சிமோ, 141 என்றால் சவுண்ட்ராக்ஸ், 129 என்றால் டிஜிட்ராக்ஸ். பெட்டி கிடைத்திருந்தாலும் பெரிதாக உதவியிராது, ஏனெனில் அதிலுள்ள பெயர் எஞ்சினைச் செய்தவருடையது. டிகோடர் பெரும்பாலும் வேறொருவர் செய்ததாக இருக்கும். சி.வி. 8 தயாரிப்பாளரை மட்டுமே சொல்லும். ஈ.எஸ்.யு.வின் ஒலியில்லாத டிகோடரான லொக்பைலட்டும் 151 என்றே விடை தரும். சிமோவில் சி.வி. 250 வகையைக் காட்டும். ஈ.எஸ்.யு.வின் புதிய டிகோடர்களில் சி.வி. 31 இல் 0, சி.வி. 32 இல் 255 எழுதியபின் 261 முதல் 264 வரை வாசித்து, நான்கு எண்களையும் குறித்து அனுப்புங்கள்.

கேள்வி: சத்தம் அதிகம். எந்த சி.வி.யைக் குறைப்பது? (வவுனியா)

பதில்: எந்த டிகோடர் என்று எழுதாமல் இதைக் கேட்பது, நோயாளியைக் காட்டாமல் மருந்து கேட்பது போன்றது. ஈ.எஸ்.யு.வின் ஒலி டிகோடர்களான லொக்சவுண்ட் 4, 5 ஆகியவற்றில் சி.வி. 63, உச்சம் 192, சிமோவில் 266, சவுண்ட்ராக்ஸின் சுனாமியில் 128. முதலில் எட்டை வாசியுங்கள். பழைய மதிப்பைத் தாளில் குறித்துக்கொண்ட பின்பே புதியதை எழுதுங்கள்.

கேள்வி: ஒலி மெலிவாக இருந்ததால் பழைய கைபேசியொன்றிலிருந்து கழற்றிய ஸ்பீக்கரை மாற்றிப் பூட்டினேன். ஐந்து நிமிடம் நன்றாகப் பாடியது. பிறகு ஒலியே இல்லை, ஓட்டம் மட்டும் இருக்கிறது. டிகோடர் லொக்சவுண்ட் 3.5 என்று பின்னர் அறிந்தேன். எந்த சி.வி.யால் சரிசெய்யலாம்? (கிளிநொச்சி)

பதில்: எந்த சி.வி.யாலும் முடியாது. டிகோடரின் ஒலிப்பகுதி எரிந்துவிட்டது. இதை எழுதி எழுதி எனக்குக் கை அலுத்துவிட்டது, ஆனாலும் இன்னொரு முறை எழுதுகிறேன். லொக்சவுண்ட் 3.5 க்கு 100 ஓம் ஸ்பீக்கர்தான் வேண்டும். கைபேசியில் இருப்பது ஏறத்தாழ 8 ஓம். அதாவது அந்தச் சிறிய சிப் தாங்கக்கூடிய மின்னோட்டத்தின் பன்னிரண்டு மடங்கை நீங்கள் அதனிடம் கேட்டிருக்கிறீர்கள். லொக்சவுண்ட் 4 இலிருந்து 4 முதல் 32 ஓம் வரை பூட்டலாம் என்பதால், புதியதைப் பற்றி எங்கோ வாசித்துவிட்டுப் பழையதில் பூட்டுகிறவர்கள்தான் அதிகம். "பின்னர் அறிந்தேன்" என்ற அந்தச் சொல்லில்தான் என் ஆத்திரமெல்லாம் இருக்கிறது.

நானும் யோக்கியன் அல்லன். தொடக்க நாட்களில் இரண்டு 4 ஓம் ஸ்பீக்கர்களைத் தொடராக இணைத்து 8 ஆக்குவதற்குப் பதிலாக, அவசரத்தில் பக்கமாக இணைத்து 2 ஆக்கி, ஒரு டிகோடரைப் புகையவிட்டேன். அந்த வாடை மூன்று நாள் அறையை விட்டுப் போகவில்லை. அன்றுமுதல் பற்றாசுக் கோலைச் சூடாக்குவதற்கு முன் மல்டிமீற்றரை எடுக்கிறேன். ஸ்பீக்கரின் இரு முனைகளிலும் முட்களை வைத்தால் 8 ஓம் ஸ்பீக்கர் ஏழு, ஏழரை என்று காட்டும். 100 ஓம் ஸ்பீக்கர் நூறுக்குச் சற்றுக் கீழே காட்டும். அரை நிமிட வேலை. அதற்கும் முன்னால் எட்டை வாசியுங்கள்.

கேள்வி: எஞ்சினுக்கு 570 என்ற முகவரியை (கட்டுப்பாட்டுப் பெட்டி அதை அழைக்கும் எண்) கொடுத்தேன். இப்போது 570 க்கும் அசையவில்லை, ஆரம்ப முகவரியான 3 க்கும் அசையவில்லை. (மாங்குளம்)

பதில்: முதலில் நெடுமுகவரியைச் சேமிக்கும் சி.வி. 17 இல் 194, சி.வி. 18 இல் 58 இருக்கின்றனவா என்று பாருங்கள். பிறகு சி.வி. 29 ஐ வாசியுங்கள். 6 என்று இருந்தால் டிகோடர் இன்னும் சி.வி. 1 இலுள்ள குறுமுகவரிக்கே காது கொடுக்கிறது, எனவே அதனுடன் 32 ஐக் கூட்டி 38 என எழுதுங்கள். எதுவும் சரிவராவிட்டால் ஈ.எஸ்.யு., சிமோ இரண்டிலும் சி.வி. 8 இல் 8 ஐ எழுதினால் ஆரம்ப நிலைக்குத் திரும்பி 3 க்கு ஓடும், ஒலிக்கோப்புகள் அழியமாட்டா. இதைப் புரோகிராம் தண்டவாளத்திலேயே செய்யுங்கள்.

கேள்வி: யாழ்தேவியை இழுத்த எம்2 எஞ்சினின் ஒலி வேண்டும். என்னிடமுள்ள லொக்சவுண்ட் 5 இல் வேறேதோ எஞ்சினின் ஒலி இருக்கிறது. (பரந்தன்)

பதில்: எம்2 கனடாவில் செய்யப்பட்ட ஜீ12 வகை எஞ்சின், அதன் இயந்திரம் ஈ.எம்.டி. நிறுவனத்தின் பன்னிரண்டு சிலிண்டர் 567, இரண்டடிப்பு வகை. ஆகவே ஈ.எம்.டி. 567 என்று பெயரிட்ட ஒலித்திட்டத்தைத் தேடுங்கள். 'அல்கோ 251' என்பதை ஏற்றிவிடாதீர்கள்; அது எம்4 க்கும் எம்8 க்கும் உரிய நான்கடிப்பு ஒலி, ஓமந்தையில் வண்டி பார்த்து வளர்ந்த எவரும் கண்ணை மூடிக்கொண்டே வித்தியாசம் சொல்லிவிடுவர். ஒலியை ஏற்றுவதற்கு லொக்புரோகிராமர் கருவி வேண்டும்; சாதாரணக் கட்டுப்பாட்டுப் பெட்டியால் சி.வி.களை மாற்றலாமே தவிர ஒலியை மாற்ற முடியாது. லொக்சவுண்ட் 4 க்கான கோப்பு 5 இல் ஏறாது.

கேள்வி: ஓடும்போது ஒலி நின்று, எஞ்சின் மறுபடி ஸ்ரார்ட் ஆவது போல் கேட்கிறது. டிகோடர் பழுதா? (புளியங்குளம்)

பதில்: இல்லை, புழுதி. தண்டவாளத்திலிருந்து சக்கரம் வழியே வரும் மின்சாரத்தை அது இடையிடையே தடுக்கிறது. சோளகம் வீசும் மாதங்களில் நம் பக்கத்துச் செம்மண் மூடிய சன்னலுக்குள்ளும் வந்துவிடும். சக்கரங்களையும் தண்டவாளத்தையும் ஐசோபுரோப்பைல் அல்கஹோலில் நனைத்த துணியால் துடையுங்கள். துணி கறுப்பாக வருவது நிற்கும்வரை துடையுங்கள்.