சொதிச் சாப்பாட்டு இலைக்கு என்ன விலை?

கேள்வி: பாளையங்கோட்டையில் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்று ஒரு வருஷம் ஆகிறது. மூன்று வருஷமாக பாலிமர் கிளேயில் (ஓவனில் சுட்டால் இறுகுகிற பிளாஸ்டிக் களிமண்) கம்மல், சாவிக்கொத்து, ஃப்ரிட்ஜில் ஒட்டுகிற குட்டிச் சாப்பாட்டு இலை எல்லாம் செய்துவருகிறேன். எல்லாரும் அழகு என்கிறார்கள், 150 ரூபாய் என்றதும் 'பொம்மைக்கா இவ்வளவு' என்கிறார்கள். மாதம் ஐயாயிரமாவது வந்தால் போதும். ஓய்வுக்கால பணத்தில் இரண்டு லட்சம் அட்வான்ஸ் கொடுத்து வண்ணார்பேட்டையில் சின்னக் கடை ஒன்று எடுக்கலாமா? மகன் வேண்டவே வேண்டாம் என்கிறான்.
— பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி

பதில்: கடை விஷயத்தில் உங்கள் மகன் சொல்வதுதான் சரி, டீச்சர். ஆனால் கடை வேண்டாம் என்பதும் தொழில் வேண்டாம் என்பதும் ஒன்றல்ல, அதை அவரிடமும் சொல்லுங்கள்.

நீங்கள் தனித்தாளில் எழுதி அனுப்பிய கணக்கை மூன்று தடவை பார்த்தேன். ஒரு சாப்பாட்டு இலைக்கு கிளே, காந்தம், பசை, வார்னிஷ், அட்டைப்பெட்டி எல்லாம் சேர்த்து 60 ரூபாய், விற்பது 150, லாபம் 90 என்று அடிக்கோடு போட்டிருக்கிறீர்கள். அதே தாளின் ஓரத்தில், பென்சிலில், 'ஒன்று செய்ய இரண்டரை மணி நேரம்' என்று இருக்கிறது. அந்த இரண்டரை மணி நேரம் கணக்குக்குள் வரவே இல்லை. வகுத்துப் பாருங்கள், மணிக்கு 36 ரூபாய். நம் பக்கத்தில் திண்ணையில் தட்டை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றுகிற பெண்களைக் கேளுங்கள், ஆயிரத்துக்கு என்ன கூலி, தன் கை ஒரு நாளைக்கு எத்தனை சுற்றும், கழிவு எத்தனை போகும் என்று யோசிக்காமல் சொல்வார்கள். அவர்களுக்குத் தெரிந்த அளவுக்கு உங்கள் கையின் கணக்கு உங்களுக்குத் தெரியவில்லை. விலை அதிகம் என்று யாராவது சொன்னதும் நீங்கள் தடுமாறுவது அதனால்தான், வாங்குகிறவர்கள் மேல் தப்பில்லை.

என் சித்தி ஒருத்தர் வயர் கூடை பின்னுவார். சொந்தக்காரர் வீட்டுக்கெல்லாம் அவர் கூடைதான், வயர் காசுகூட யாரும் கொடுத்ததில்லை, அவரும் கேட்டதில்லை. விரல் நுனி வெடித்து மஞ்சள் பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்த அவரைப் பார்த்த எனக்கு, 'அத்தை, எனக்கு நாலு செட் சும்மா பண்ணித் தாங்க என்று நிறையப் பேர் கேட்கிறார்கள்' என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது மனசு பொறுக்கவில்லை. பேத்திக்குக் கொடுங்கள், உங்களுக்குப் பிரியமான இரண்டு பேருக்குக் கொடுங்கள். மற்றவர்களிடம் விலையைச் சொல்லுங்கள்.

சரி, எதைச் செய்வது? சாவிக்கொத்தை விடுங்கள். டிவியில் வருகிற கார்ட்டூன் பொம்மைகளைச் செய்து விற்கிறீர்கள், அந்த உருவங்களின் உரிமை வேறு ஒருவருடையது, விற்பனை என்று வந்துவிட்டால் அது வம்பு. அச்சில் வார்த்து வருகிற மலிவுச் சாமானோடு கையால் செய்கிறவர் விலையில் போட்டி போடவும் முடியாது. ஆனால் நீங்கள் அனுப்பிய படங்களில் கடைசியாக இருந்ததே, அந்தச் சொதிச் சாப்பாட்டு இலை, அதை எந்த அச்சும் வார்க்காது. மறுவீட்டுச் சாப்பாட்டில் தேங்காய்ப்பால் குழம்பான சொதி, பக்கத்தில் இஞ்சிப் பச்சடி, உருளைக்கிழங்கு சிப்ஸ் என்று நெல்லைக்காரருக்குத்தான் தெரியும். மும்பையிலும் துபாயிலும் இருக்கிற நம் ஊர்ப் பிள்ளைகள் அதைப் பார்த்தால் ஒரு நிமிஷம் பேசாமல் நிற்பார்கள். கல்யாண வீட்டில் தாம்பூலப் பையோடு கொடுக்க, கொலுப் படியில் வைக்க, அதுவும் அதோடு ஒரு துண்டு இலையில் அல்வாவும் போதும், வேறெதுவும் இப்போதைக்கு வேண்டாம்.

இரண்டரை மணி நேரத்தைக் குறைக்க வழி உண்டு. நீங்கள் ஒவ்வொரு இலைக்கும் ஊசியால் நரம்பு கீறுகிறீர்கள் என்று தெரிகிறது. அப்படிச் செய்யாதீர்கள். பச்சையில் இரண்டு மூன்று சாயலைக் கலந்து ஒரு கட்டையாக உருட்டி, அதைச் சாய்வாகத் துண்டு போட்டு, ஒவ்வொரு துண்டுக்கும் நடுவில் வெளிர்பச்சைத் தகடு ஒன்று வைத்து மறுபடி சேர்த்து அழுத்தி, இரண்டு பாதியாக்கி எதிரெதிரே ஒட்டி நடுவில் தண்டு வைத்து மெல்ல நீட்டினால், கத்தியால் சீவும் ஒவ்வொரு வில்லையும் நரம்போடு ஒரு வாழை இலை. ஒரு கட்டையில் முப்பது நாற்பது இலை வரும். இந்தக் கைவேலையில் இதற்கு 'கேன்' என்று பெயர். சொதிக்குத் திரவ கிளேயில் துளி மஞ்சள், அல்வாவுக்கு ஒளி ஊடுருவுகிற கிளேயில் பழுப்பும் கொஞ்சம் ஆரஞ்சும், அப்புறம் மேலே வார்னிஷ், நெய் மினுங்குவது தெரியும். பத்து இலையாகச் சேர்த்துச் செய்யுங்கள். ஒன்றுக்கு ஒரு மணி நேரம் என்று வந்துவிட்டால் கூலி 100, பொருள் 60, உடைந்தது கருகியதற்கு 15, மொத்தம் 175. கடையில் வைத்து விற்றால் கடைக்காரருக்கு நூற்றுக்கு முப்பது கமிஷன் என்று வையுங்கள், விலை 250. இதற்குக் கீழே இறங்க வேண்டாம். உங்கள் கைக்கு ஒன்றுக்கு நூறு என்றால் மாதம் ஐம்பது இலை, நீங்கள் கேட்ட ஐயாயிரம் வந்துவிடுகிறது. கிளே பிசைந்தே கட்டைவிரல் வலிக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அட்வான்ஸ் பணத்தில் ஒரு துளியை எடுத்து, கிளேயைத் தகடாக அழுத்தித் தர, கையால் சுற்றுகிற பாஸ்தா மெஷின் ஒன்று வாங்குங்கள்.

இனிமேல் சொல்வதில் கொஞ்சம் கண்டிப்பு இருக்கும். கேக் சுடுகிற ஓவனிலேயே இதையும் சுடுகிறீர்கள். உடனே நிறுத்துங்கள். இது மண் இல்லை, பிவிசி பிளாஸ்டிக்கும் அதை இளக வைக்கும் எண்ணெய் மாதிரியான பொருளும் சேர்ந்தது. ஃபிமோ என்கிற பிராண்ட் கிளே 110 டிகிரியில் அரை மணி நேரம், ஸ்கல்ப்பி என்கிற பிராண்டின் வகைகளில் பல 130ஐ ஒட்டி, எதுவானாலும் உறையில் போட்டிருப்பதுதான் கணக்கு. ஓவன் திருகில் 130 என்று வைத்தால் உள்ளே 150க்கு மேலும் போகலாம், அதனால் உள்ளே வைக்கிற தெர்மாமீட்டர் ஒன்று அவசியம். கருகினால் கண்ணையும் தொண்டையையும் எரிக்கிற ஹைட்ரஜன் குளோரைடு புகை வரும், அப்போது ஓவனை அணைத்து ஜன்னலைத் திறந்துவிட்டு பேத்தியைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். இதற்கென்று சின்ன ஓவன் தனியாக இருக்கட்டும், பாஸ்தா மெஷினும் கத்தியும் இதற்கு வந்தபின் சமையலறைக்குத் திரும்பக் கூடாது. நம் ஊர் சித்திரை வெயிலில் சுடாத கிளேயை ஜன்னலோரமோ வண்டி டிக்கியிலோ வைத்தால் பாதி வெந்து பொடிப்பொடியாக உதிரும்.

இன்னொன்று, உங்கள் அட்டையில் 'மண் நகை' என்று அச்சடித்திருக்கிறீர்கள். மாற்றுங்கள். காருகுறிச்சியில் குளத்து மண்ணை எடுத்து மிதித்துச் சக்கரத்தில் ஏற்றுகிறவர்களின் பெயர் அது. பாலிமர் கிளே என்றே போடுங்கள். காந்தம் வைத்த சாமான் குழந்தை கைக்கு எட்டக் கூடாது என்றும் அதே அட்டையில் ஒரு வரி இருக்கட்டும், விழுங்கினால் ஆபத்து.

காகித வேலை கொஞ்சம்தான். சிறுதொழிலுக்கான அரசின் உத்யம் பதிவு இலவசம், ஆதாரும் பான் கார்டும் போதும், பணம் கேட்கிற ஏஜென்ட் யாரும் தேவையில்லை. நம் மாநிலத்துக்குள் நேரடியாக விற்கும் இந்த அளவுக்கு ஜிஎஸ்டி பதிவும் வேண்டாம், வெளிமாநிலத்துக்கோ ஆன்லைன் சந்தையிலோ விற்பதாக இருந்தால் மட்டும் ஒரு கணக்காளரிடம் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள். வருமான வரிக் கணக்கில் பென்ஷனோடு இந்த வருமானமும் சேரும், அப்போது இதுவரை போட்ட ஐடிஆர் 1 படிவம் செல்லாது. ஒரு நோட்டில் வரவு செலவை அன்றன்றே எழுதுங்கள், ஓரத்தில் பென்சிலில் வேண்டாம்.

இந்த மாதம் கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்துப் பத்து சொதி இலை செய்யுங்கள். ஐந்தை ஊருக்கு வந்து போகிறவர்கள் நுழைகிற ஒரு கடையில் 250 என்று எழுதி வையுங்கள், மீதி ஐந்தைக் கல்யாண வேலை எடுத்துச் செய்கிற யாரிடமாவது காட்டுங்கள். எத்தனை மணி நேரம் ஆயிற்று, எத்தனை போயிற்று என்று எனக்கு எழுதுங்கள். அந்த வண்ணார்பேட்டைக் கடைக்காரருக்கு நாளைக் காலையிலேயே போன் பண்ணி, வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.