‘தாமதம் ஏற்பட்டது’

கேள்வி: தொழிற்சாலை ஒன்றில் உற்பத்திப் பிரிவு மேலாளராக இருக்கிறேன். ‘ராணுவத் தளபதிகளிடம் தலைமைப் பண்பு கற்போம்’ என்று எங்களுக்கு இரண்டு நாள் பயிற்சி நடத்தினார்கள். ராணுவத்தில் உத்தரவு போட்டால் நடந்துவிடும். இங்கே ஞாயிற்றுக்கிழமை ஷிஃப்டுக்கு வரச் சொன்னாலே ஆயிரம் காரணம் சொல்கிறார்கள். போன மாதம் ஒரு ஆர்டர் நான்கு நாள் பிந்திவிட்டது. ‘தவிர்க்க முடியாத காரணங்களால் தாமதம் ஏற்பட்டது’ என்று மேலிடத்துக்கு எழுதிச் சமாளித்தேன். நமக்கும் தளபதிகளுக்கும் என்ன சார் சம்பந்தம்?
– வாசகர், ஓசூர்

பதில்: அந்தக் கடைசி வரிக்கு முந்தின வரியில்தான் சம்பந்தம் இருக்கிறது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

‘உத்தரவு போட்டால் நடந்துவிடும்’ என்பது சினிமா ராணுவம். 1944-ல், இரண்டாம் உலகப் போரில், ஜெர்மானியர் பிடியிலிருந்த பிரான்சின் நார்மண்டிக் கரையில் நேச நாடுகள் நடத்திய படையெடுப்புக்குத் தலைமைத் தளபதி, அமெரிக்க ஜெனரல் ஐசனோவர். பெயர்தான் தலைமைத் தளபதி; குண்டுவீச்சு விமானங்களைத் தன் பொறுப்பில் வாங்குவதற்கே, இந்தப் பதவியே வேண்டாம் என்று சொல்லும் அளவுக்கு அவர் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. உங்கள் ஞாயிற்றுக்கிழமை ஷிஃப்டு எவ்வளவோ தேவலை.

படையெடுப்புக்குச் சில நாட்கள் முன்பு, விமானப் படைத் தளபதி லீ-மல்லொரி அவரிடம் வந்தார். பாராசூட்டிலும் எஞ்சின் இல்லாத கிளைடர் விமானத்திலும் வீரர்களை இறக்கும் திட்டத்தைக் கைவிடுங்கள், பாதிப் பேருக்கு மேல் வீணாகச் சாவார்கள் என்றார். ஐசனோவர் என்ன சொன்னார் தெரியுமா? ‘இதை எழுத்தில் கொடுங்கள்.’

நம் அலுவலகங்களில் இதே வாக்கியம் ஒரு மிரட்டல். எழுதிக் கொடுத்தவன் மாட்டினான் என்று அர்த்தம். அங்கே விஷயம் நேர் எதிர். தன் ஆலோசனை மீறப்பட்டு, அவர் சொன்னபடியே நாசம் விளைந்தால், நாளைக்கு லீ-மல்லொரி மீது பழி விழக் கூடாது. அதற்காகத்தான் அந்தக் கடிதம். ஐசனோவர் தன் கூடாரத்துக்குப் போய்த் தனியாக உட்கார்ந்து யோசித்தார். திட்டம் நடக்கட்டும் என்று முடிவெடுத்தார். நல்லவேளையாக, லீ-மல்லொரி பயந்த அளவுக்கு உயிர்ச்சேதம் ஆகவில்லை. அவரே பிறகு வருத்தம் தெரிவித்தார்.

ஜூன் 5-ஆம் தேதி இறங்குவதாக இருந்தது. புயலால் ஒரு நாள் தள்ளிப்போனது. வானிலை கொஞ்சம் தெளியும் என்று வானிலை அதிகாரி சொன்னதை நம்பி, 6-ஆம் தேதிக்குச் சம்மதம் கொடுத்தாயிற்று. முதல் நாளில் மட்டும் இறங்க வேண்டியவர்கள் சுமார் 1,56,000 பேர். அந்த இடைவெளியில் ஐசனோவர் ஒரு துண்டுத்தாளை எடுத்து, தோற்றுப்போனால் வெளியிட வேண்டிய அறிக்கையைப் பென்சிலால் எழுதினார். தேதியையே தப்பாக, ஜூலை 5 என்று போட்டிருக்கிறார். எவ்வளவு களைத்திருந்தார் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

அந்தத் தாளில் நான் பார்ப்பது அடித்தல் திருத்தல்களைத்தான். பத்திரிகைக்காரனின் தொழில் புத்தி! கரையில் கால் ஊன்ற முடியவில்லை, ‘படைகள் திரும்பப் பெறப்பட்டுவிட்டன’ என்று முதலில் எழுதியிருக்கிறார். அடித்துவிட்டு, ‘படைகளை நான் திரும்பப் பெற்றுவிட்டேன்’ என்று மாற்றுகிறார். அடுத்து ‘இந்த நடவடிக்கை’ என்று தொடங்கியதை அடித்து, ‘தாக்குவது என்ற என் முடிவு’ என்று திருத்துகிறார். வீரர்கள் தங்களால் முடிந்த அனைத்தையும் செய்தார்கள் என்று ஒரு வரி. முயற்சியில் குற்றமோ குறையோ இருந்தால் ‘அது என்னுடையது மட்டுமே’ என்று முடித்து, அந்தச் சொற்களுக்குக் கீழே கோடு.

செயப்பாட்டு வினை செய்வினையாக மாறியது, அவ்வளவுதான். எட்டாம் வகுப்புத் தமிழாசிரியர் பிரம்போடு நின்று நமக்குச் சொல்லிக்கொடுத்த அதே பாடம். யாரும் பக்கத்தில் நின்று திருத்தச் சொல்லவில்லை. செய்தியாளர்கள் யாரும் கேட்கவில்லை. படையெடுப்பு வென்றதால் அந்த அறிக்கைக்கு வேலையும் இல்லாமல் போனது. தாள் பர்சிலேயே கிடந்தது. சில வாரம் கழித்து உதவியாளர் கேட்டு வாங்கி வைத்ததால்தான் நமக்குக் கிடைத்தது. உங்கள் பயிற்சியில் இதைச் சொன்னார்களா?

நானும் யோக்கியன் இல்லை. ‘சென்ற இதழில் பிழை நேர்ந்துவிட்டது, வருந்துகிறோம்’ என்று இந்தப் பத்திரிகையில் எத்தனை முறை போட்டிருக்கிறேன்! பிழை தானாக நடந்து வந்து அச்சில் ஏறாது. மெய்ப்பைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டவன் நான். ‘வருந்துகிறோம்’ என்ற பன்மைக்குள் பாவம் மெய்ப்புத் திருத்துநரையும் இழுத்துவிட்டிருக்கிறேன்.

இப்போது உங்கள் கடிதத்தை எடுங்கள். ‘தாமதம் ஏற்பட்டது’ என்பதை அடித்துவிட்டு, எந்த முடிவை நீங்கள் எடுத்ததால் நான்கு நாள் போனது என்று எழுதிப் பாருங்கள். அனுப்புவதும் அனுப்பாததும் உங்கள் விருப்பம். ‘தவிர்க்க முடியாத’ என்பதையும் சேர்த்தே அடியுங்கள். தவிர்த்திருக்கலாம் என்று உங்களுக்கே தெரியும். இல்லையென்றால் அதை எனக்கு எழுதியிருக்க மாட்டீர்கள்.