பித்தப்பைக் கல்லை மாத்திரையால் கரைக்க முடியுமா?

கேள்வி: எனக்கு வயது 44. தீபாவளி சமயத்தில் ஒரு நாள் நள்ளிரவில் வலது விலாவுக்குக் கீழே தாங்க முடியாத வலி வந்தது. முதுகு வரை இழுத்தது, இரண்டு மணி நேரத்தில் தானாக அடங்கியது. பொங்கலுக்கு முன் இன்னொரு முறை வந்தது. ஸ்கேனில் பித்தப்பையில் பல கற்கள், பெரியது 14 மி.மீ. என்று இருக்கிறது. லேப்ராஸ்கோப்பி செய்து பித்தப்பையை எடுத்துவிட வேண்டும் என்கிறார் டாக்டர். என் நாத்தனாருக்கு ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டே கல் கரைந்துவிட்டது. எனக்கும் அப்படிச் சரியாகுமா? ஒரு உறுப்பையே எடுத்துவிட்டால் அப்புறம் என்ன ஆகும் என்று பயமாக இருக்கிறது.
– வாசகி, திருச்சி

பதில்: உங்கள் நாத்தனார் சொன்னது பொய்யாக இருக்க வேண்டியதில்லை, சகோதரி. கல்லைக் கரைக்கும் மாத்திரை உண்மையிலேயே இருக்கிறது. உர்சோடிஆக்சிகோலிக் அமிலம் என்று பெயர். நம் மருந்துக் கடைகளில் உடிலிவ் முதலிய பெயர்களில் கிடைக்கிறது. ஈரல் பித்தநீருக்குள் விடும் கொலஸ்ட்ராலை இது குறைக்கிறது. பித்தநீரில் கொலஸ்ட்ரால் குறையக் குறைய, கல்லில் உறைந்திருப்பது கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வெளியேறும்.

ஆனால் எல்லாக் கல்லும் கொலஸ்ட்ரால் கல் கிடையாது. தென்னிந்தியாவில் பித்தநீரின் நிறப்பொருள் உறைந்து உண்டாகும் கறுப்பும் பழுப்புமான நிறமிக் கற்கள் நிறையப் பேருக்கு இருக்கின்றன. சுண்ணாம்புச் சத்து படிந்த கற்களும் உண்டு. இவற்றை இந்த மாத்திரை ஒன்றும் செய்யாது. கொலஸ்ட்ரால் கல்லாகவே இருந்தாலும் அது சிறியதாக இருக்க வேண்டும். 5 மி.மீ.க்குள் என்றால் நல்ல வாய்ப்பு, 10 மி.மீ.யைத் தாண்டினால் நம்பிக்கை குறைவு. பித்தப்பை சரியாகச் சுருங்கி விரிய வேண்டும், அதன் குழாயில் அடைப்பும் இருக்கக் கூடாது. இத்தனையும் பொருந்தினாலும் ஆறு மாதம் முதல் இரண்டு வருடம் வரை தினமும் சாப்பிட வேண்டும். உடல் எடையில் கிலோவுக்கு 8 முதல் 10 மி.கி. என்பது வழக்கமான அளவு. 60 கிலோ எடையுள்ளவருக்கு ஏறக்குறைய 300 மி.கி. மாத்திரை இரண்டு வேளை.

கரைந்த பிறகும் பிரச்சினை முடிவதில்லை. மாத்திரையை நிறுத்திய 5 ஆண்டுகளுக்குள் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் கல் திரும்ப உருவாகிறது. பித்தப்பை அதே பித்தப்பைதானே. 1882-ல் பெர்லினில் முதன்முதலாகப் பித்தப்பையை அகற்றிய கார்ல் லாங்கன்புக் சொன்ன காரணமும் இதுவே: பித்தப்பையில் கல் இருக்கிறது என்பதற்காக மட்டும் எடுக்கவில்லை, அது கல்லை உண்டாக்குகிறது என்பதற்காக எடுக்கிறோம்.

உங்கள் நாத்தனாருக்குச் சின்னக் கல்லோ, கல்லாக இறுகாத வெறும் பித்தக் கசடோ இருந்திருக்கலாம். அவருக்குப் பலித்தது நல்லது. உங்கள் நிலைமை வேறு. பல கற்கள், 14 மி.மீ., இரண்டு முறை வலி. ஒரு முறை வலி வந்துவிட்டால் மறுபடி வருவதற்குத்தான் வாய்ப்பு அதிகம். மாத்திரையை நம்பி இரண்டு வருடம் காத்திருக்கும்போது, ஒரு சிறு கல் நழுவி, பித்தநீரைக் குடலுக்குக் கொண்டுபோகும் பொதுப் பித்தக்குழாயில் போய் அடைத்தால் மஞ்சள் காமாலை வரும், கணையமும் வீங்கலாம். அந்த நிலையில் செய்யும் அவசர ஆபரேஷனைவிட இப்போது நிதானமாகச் செய்துகொள்வது எவ்வளவோ பாதுகாப்பானது. உங்கள் டாக்டர் சொன்னதுதான் சரி என்பது என் கருத்து.

சிலர் ஆபரேஷனைத் தாங்க முடியாத அளவுக்கு இதய நோயோ நுரையீரல் நோயோ உள்ளவர்களாக இருப்பார்கள். கல் பொருத்தமானதாக இருந்தால் மாத்திரை அவர்களுக்கு ஒரு நல்ல வழி. வேறு காரணத்துக்காக ஸ்கேன் எடுக்கும்போது தற்செயலாகக் கல் தெரிந்து, ஒருபோதும் வலியே வராதவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டுமே தேவைப்படாது.

வாழைத்தண்டுச் சாறு குடியுங்கள் என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள். அது சிறுநீரகக் கல்லுக்குச் சொல்லும் வைத்தியம். சிறுநீர்ப் பாதைக்கும் பித்தப்பைக்கும் தொடர்பே இல்லை. ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் குடித்தால் கல் மலத்தோடு வரும் என்று வீடியோக்கள் சுற்றுகின்றன. அப்படி வந்த பச்சை உருண்டைகளைச் சோதித்து, குடித்த எண்ணெயே குடலில் சோப்பாகத் திரண்டது என்று 2005-ல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள்.

உங்கள் பயத்துக்கு வருகிறேன். பித்தநீரைச் சுரப்பது ஈரல். பித்தப்பை அதைச் சேர்த்து வைக்கும் இடம் மட்டுமே. அதை எடுத்த பிறகு பித்தநீர் நேராகக் குடலுக்குப் போகும், செரிமானம் நடக்கும். சிலருக்குக் கொஞ்ச நாள் எண்ணெய்ப் பண்டம் சாப்பிட்டால் வயிறு இளகும், பெரும்பாலும் அதுவும் சரியாகிவிடும். வழக்கமாக நான்கு சிறு துளைகள் வழியாகச் செய்வார்கள். பலர் ஓரிரு நாளில் வீடு திரும்புகிறார்கள்.

அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது பொதுப் பித்தக்குழாயில் கல் இருக்கிறதா, ஈரல் பரிசோதனை முடிவு எப்படி என்று கேளுங்கள். செலவு கவலையாக இருந்தால் முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் செய்ய முடியுமா என்று மருத்துவமனையிலேயே விசாரியுங்கள். இதற்கிடையில் குளிருடன் காய்ச்சல், கண் மஞ்சளாவது, சிறுநீர் அடர்ந்த நிறத்தில் போவது, சில மணி நேரமாகியும் விடாத வலி, இவற்றில் எது வந்தாலும் குறித்த தேதிக்குக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.