ஜூலையில் மியூர் பனிவெளிக்கு ஏறும் வழி

வணக்கம் நண்பரே. ஜூலையில் அமெரிக்காவின் ரெய்னியர் மலையில் பனிச்சறுக்க, மியூர் பனிவெளிக்கு எப்படி ஏறுவது என்று கேட்டிருக்கிறீர்கள். மலையின் தெற்குச் சரிவிலுள்ள பாரடைஸ் என்னும் இடத்திலிருந்து புறப்படுங்கள். ஸ்கைலைன் பாதையில் பனோரமா பாயிண்டைத் தாண்டினால், சுமார் 2,200 மீட்டரில் பெபிள் கிரீக் ஓடை வரும். பனிவெளி அதற்கு மேல்தான். அதுவரை ஸ்கீ எனும் சறுக்குப் பலகையைப் பெரும்பாலும் முதுகில்தான் சுமக்க வேண்டும். பையில் சற்று உயர்த்தியே கட்டுங்கள். தாழ்ந்தால் அதன் வால்முனை ஒவ்வோர் அடிக்கும் கெண்டைக்காலில் இடித்துக்கொண்டே வரும்.

என் கவலையெல்லாம் மேகத்தைப் பற்றித்தான். அது இறங்கினால் தரையும் வானமும் ஒரே வெள்ளையாகிவிடும். இறங்கும்போது மேற்கே விலகினால் நிஸ்குவாலி பனியாற்றின் பிளவுகள். ஏறும்போதே ஜிபிஎஸ்ஸில் தடத்தைப் பதிவு செய்யுங்கள். மேகம் திரண்டால் தயங்காமல் திரும்பிவிடுங்கள். விடியற்காலையில் பனி கண்ணாடிபோல் இறுகியிருக்கும்; வெயிலில் மேற்பரப்பு இளகிய பிறகே சறுக்குங்கள்.

பயிற்சிக்கு நம் பினாங்குக் கொடிமலை போதும். தாவரவியல் பூங்காவிலிருந்து ஜீப் சாலையில், பாரத்துடன் ஒரே நாளில் இருமுறை ஏறிப் பாருங்கள். பாரடைஸிலிருந்து பனிவெளியின் மேல்முனையிலுள்ள மியூர் முகாம் வரை ஏற்றம் சுமார் 1,400 மீட்டர். கொடிமலையில் இருமுறை ஏறினால் கிட்டத்தட்ட அதே அளவு.