திரையில் விழும் குலை

ஐயா, வணக்கம்.

என் மகள் அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவி. செம்பனைக் குலை வெட்டும் கருவி பற்றிய ஆராய்ச்சி, அரசாங்க மானியத்தில். இரண்டு வருடமாகக் குலை கணினித் திரையில்தான் விழுகிறது. தோட்டத்துப் பக்கம் ஒருவரும் வந்ததில்லை. "மக்கள் வரிப்பணத்தில் விளையாட்டு" என்று ஒட்டுக்கடையில் சொன்னேன். அது அவள் காதுக்குப் போய், இப்போது வீட்டில் பேச்சு இல்லை. நான் சொன்னது தப்பா?

வாசகர், சுங்கை சிப்புட்

அன்புள்ள நண்பருக்கு,

பாதி தப்பு. ஒன்றைச் செய்யாமலே கணினியில் நடத்திப் பார்க்கும் சிமுலேஷனை 'பாவனை' என்று மொழிபெயர்த்து வைத்திருக்கிறோம். நடிப்பு என்றுதானே காதில் விழும்? உண்மையில் அது மலிவாகத் தோற்றுப் பார்க்கும் இடம். அரிவாளின் வளைவை நூறு விதமாக மாற்றித் திரையிலேயே கழித்துவிட்டு, மூன்றை மட்டும் பட்டறைக்கு அனுப்பலாம். நூறையும் இரும்பில் அடித்துப் பார்த்திருந்தால் மானியம் முதல் வருடமே தீர்ந்திருக்கும். அப்போதும் ஒட்டுக்கடையில் நீங்கள் திட்டியிருப்பீர்கள்.

மீதிப் பாதிக்கு வருகிறேன். அம்மா பால்மரம் வெட்டிய காலத்தில், பாலில் ரப்பர் எவ்வளவு என்று காட்டும் மெட்ரோலாக் மிதவையைக் கிராணி பால் வாளியில் விடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். கெட்டிப் பாலில் அது தாழும், தண்ணீர்ப் பாலில் மேலே நிற்கும். நுரையை விரலால் வழித்துவிட்டுத்தான் படிக்க வேண்டும். அவசரத்தில் வழிக்காமல் படித்தால் எண் பிசகும். அப்புறம் கணக்குப் புத்தகத்தில் எவ்வளவு சுத்தமாகப் பெருக்கினாலும் அம்மாவின் சம்பளம் தப்புத்தான்.

1991 ஆகஸ்டில் நார்வேயில், ஸ்லைப்னர் ஏ என்ற எரிவாயு மேடைக்கான கான்கிரீட் அடித்தளத்தைக் கடலில் அமிழ்த்திச் சோதிக்கும்போது, சுவர் பிளந்து முழுதாக மூழ்கியது. பலத்தைக் கணித்தது நாஸ்ட்ரான். நாசா பொதுப்பணத்தில் உருவாக்கிய நிரல். சுவர்கள் கூடும் இடத்தைப் கணினிக்குப் பெரிய கட்டங்களாகப் பிரித்துக் கொடுத்ததால், சுவரை அறுக்கப் பார்க்கும் வெட்டுவிசை 47 விழுக்காடு குறைவாக வந்தது. உள்ளே கட்டிய கம்பியும் போதவில்லை. பிறகு கவனமாகச் செய்த கணிப்பு, 62 மீட்டர் ஆழத்தில் உடையும் என்றது. உடைந்தது 65 மீட்டரில். இந்த இரண்டு எண்ணையும் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த வாளி நுரைதான் ஞாபகம் வருகிறது.

பொதுப்பணம் என்பதால் இன்னொன்றும் கேட்பேன். ஸ்பைஸ் என்று ஒரு நிரல், மின்சுற்றைச் செய்யாமலே சோதித்துப் பார்ப்பதற்கு. 1973இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி இருக்க வேண்டும் என்று பேராசிரியர் டொனால்ட் பெடர்சன் பிடிவாதமாக நின்றார். சில்லு வடிவமைப்பவர்கள் இன்றும் அதன் வழிவந்த நிரல்களில் வேலை செய்கிறார்கள். உங்கள் மகளின் குழு தன் நிரலையும் அளவுகளையும் அப்படி வெளியே வைக்குமா? ஒட்டுக்கடையில் இதைக் கேட்டிருந்தால் நானும் உங்கள் பக்கம் பேசியிருப்பேன்.

வீட்டில் பேச்சைத் தொடங்க ஒரு வழி. குலைத்தண்டின் தடிமனையும் ஈரத்தையும் எந்த மரத்தில் அளந்தாய் என்று கேளுங்கள். பழைய கட்டுரையில் எடுத்தேன் என்றால், மழை பெய்த மறுநாள் காலை நிரைக்கு அழைத்துப் போங்கள். பூட்ஸ் போட்டு வரச் சொல்ல மறக்க வேண்டாம்.