முன்பின் தெரியாத நிலத்தில் கயோட்டி தேடுவது: அரிசோனா கேள்வி பதில்

துப்பாக்கி, தோட்டா பற்றி வந்த கேள்விகளை இன்னொரு நாளைக்கு ஒதுக்கிவிட்டேன். இன்று கயோட்டி (வட அமெரிக்காவில் வாழும், நம்மூர் நரி மாதிரியான விலங்கு) வேட்டைக்கு இடம் பார்ப்பது மட்டும்.

சாண்ட்லரிலிருந்து ஒருவர்: அண்ணா, நான் ஹெச்1பி விசா. முதல்ல லைசென்ஸ் எடுக்கணுமா, இல்ல முதல்ல இடம் பாத்துட்டு வரட்டுமா?

லைசென்ஸ்தான் முதலில், தம்பி. தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதையே கூட்டரசுச் சட்டம் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் கையில் இருந்தால் விலக்கு உண்டு. அது காலாவதியானால் விலக்கும் போச்சு. விசா சமாச்சாரம், அதனால் வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். இடம் பார்க்கப் போகும்போது துப்பாக்கியே வேண்டாம். பைனாகுலர், நிறைய தண்ணீர், சிக்னல் இல்லாவிட்டாலும் திறக்கிற மேப், இவை போதும்.

பீனிக்ஸிலிருந்து: ஹிலா பெண்ட் பக்கம் போகலாம்னு இருக்கோம். மேப்பைத் திறந்தா ஒரே பொட்டல். எங்க ஆரம்பிக்கிறது?

நிலம் யாருடையது என்பதில் ஆரம்பியுங்கள். பி.எல்.எம். (கூட்டரசின் நில மேலாண்மைத் துறை) நிலத்தில் தாராளமாக நடக்கலாம். மாநில டிரஸ்ட் நிலத்துக்குள் லைசென்ஸ் உள்ளவர் வேட்டைக்காகப் போகலாம். ஆனால் ஹிலா பெண்டுக்குத் தெற்கே கோல்ட்வாட்டர் குண்டுவீச்சுப் பயிற்சித் தளம் கிடக்கிறது. தனி பெர்மிட் இல்லாமல் உள்ளே போகக் கூடாது. அதற்கும் கிழக்கே டோஹோனோ ஓதாம் பழங்குடியினரின் நிலம். மாநில லைசென்ஸ் அங்கே செல்லாது. மேப்பில் இவற்றுக்கெல்லாம் நடுவே பெரும்பாலும் வேலியே தெரியாது.

அப்புறம் கயோட்டியைத் தேடாதீர்கள், அதன் சாப்பாட்டைத் தேடுங்கள். அல்ஃபால்ஃபா (மாட்டுத் தீவனப் பயிர்) வயல் முடிந்து பாலைவனப் புதர் தொடங்குகிற ஓரம், மாட்டுக்காகப் பண்ணைக்காரர்கள் வெட்டிய மண்குளம், அதில் வந்து சேரும் வறண்ட ஓடை. எலியும் முயலும் அங்கேதான். சாட்டிலைட் படத்தில் இந்த மூன்றும் அருகருகே வருகிற நாலைந்து இடங்களைக் குறித்துக்கொண்டு நேரில் போங்கள். பாதியாவது உதவாது என்று தெரிந்துவிடும். அதுவும் லாபம்தான்.

மேசாவிலிருந்து: ஓடை மணல்ல தடம் இருந்துச்சு. நாயா கயோட்டியான்னு எப்படிச் சொல்றது?

குனிந்து நன்றாகப் பாருங்கள். கயோட்டித் தடம் நீள்வட்டமாக, ஆறு ஏழு சென்டிமீட்டர் நீளத்தில், விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டினாற்போல இருக்கும். முன்னிரு நகங்களும் நேராக முன்னால் பார்க்கும். நாய்த் தடத்தில் விரல்கள் விரிந்திருக்கும். ஒரு தடத்தை வைத்து முடிவு கட்டாமல் இருபது முப்பது அடி பின்தொடருங்கள். நாய் அங்கே மோந்து, இங்கே திரும்பி, விளையாடிக்கொண்டு போயிருக்கும். கயோட்டி நூல் பிடித்ததுபோல் ஒரே கோட்டில் போயிருக்கும். பல இடங்களில் முன்கால் தடத்தின்மேலேயே பின்கால் விழுந்திருக்கும்.

தடத்தைவிட நான் அதிகம் நம்புவது எச்சத்தை. மண்பாதையின் நட்டநடுவில், குறிப்பாக இரண்டு பாதை கூடுகிற இடத்தில், போட்டுவிட்டுப் போகும். முறுக்கிய கயிறு மாதிரி, நுனி கூர்ந்து, முயல் முடியும் எலும்புத் துணுக்குமாக இருக்கும். கோடை கடைசியில் மெஸ்கீட் கொட்டைகள் நிறைந்திருக்கும் (நம்மூர்ச் சீமைக்கருவேலத்தின் நெருங்கிய சொந்தம்). சப்பாத்திக்கள்ளிப் பழம் தின்றிருந்தால் செக்கச்செவேல் என்றிருக்கும். ரத்தம் என்று பயப்பட வேண்டாம். கிருமி உண்டு, கையால் தொடாதீர்கள், குச்சியால் கிளறுங்கள். ஒரே மூலையில் காய்ந்து வெளுத்ததும் நேற்றையதும் சேர்ந்து கிடந்தால் அந்தப் பாதை அவர்கள் ரோந்து வருகிற பாதை.

டூசானிலிருந்து: ராத்திரி ஊளை கேட்டேன் சார், குறைஞ்சது பத்து இருக்கும்!

இரண்டு மூன்று இருந்திருக்கும். குரலை மாற்றி மாற்றி ஊளையிட்டுக் கூட்டமாகக் காட்டுவதில் அவை கில்லாடி. எண்ணிக்கையை விடுங்கள், திசையைப் பிடியுங்கள். விடிவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போய் வண்டியை அணைத்துவிட்டுக் காத்திருங்கள். ஊளை வந்ததும் திசைகாட்டியில் கோணத்தைக் குறியுங்கள். நண்பர் ஒருவர் ஒரு மைல் தள்ளி நின்று அதே ஊளைக்குக் கோணம் எடுத்தால், இரண்டு கோடும் வெட்டுகிற இடத்துக்குப் பக்கத்தில் இருக்கின்றன. தானாகக் கத்தாவிட்டால் ஊளைக் கருவியை ஒருமுறை ஊதிப் பார்க்கலாம். வேட்டையின்போது கயோட்டியைக் கூப்பிடப் போடுகிற முயல் அலறும் சத்தத்தை மட்டும் இடம் பார்க்கும் நாளில் போடவே போடாதீர்கள். வந்து பார்த்து மனித வாடை பிடித்துவிட்டுப் போன கயோட்டி, அடுத்த தடவை அந்தச் சத்தத்துக்கு லேசில் வராது.

அதே டூசான்காரர்: டிரெயில் கேமரா கட்டி வச்சா வேலை மிச்சம்தானே?

அரிசோனாவில் வேட்டைக்கு உதவியாக டிரெயில் கேமரா (விலங்கு கடந்தால் தானாகப் படமெடுக்கும் கேமரா) வைக்க 2022 ஜனவரி 1 முதல் தடை. பழைய யூடியூப் வீடியோக்களை நம்பிக் கட்டிவிடாதீர்கள்.

கில்பர்ட்டிலிருந்து: இடம் கிடைச்சாச்சு அண்ணே. தடம், எச்சம், ஊளை எல்லாம் இருக்கு. ஆனா கூப்பிட்டா ஒண்ணும் வரல.

வந்திருக்கும், நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். கயோட்டி சத்தத்தை நோக்கி நேராக வருவது குறைவு. அரைவட்டம் அடித்துக் காற்று வாக்கில், அதாவது நம் வாடை போகிற பக்கமாகச் சுற்றிவந்து மோப்பம் பிடித்த பிறகுதான் கிட்டே வரும். ஆகவே உட்காருமிடத்தை இடம் பார்க்கும் நாளிலேயே முடிவு செய்ய வேண்டும்: வண்டியை எந்த மேட்டுக்குப் பின்னால் நிறுத்துவது, வானத்துக்கு எதிரே உருவம் தெரியாமல் எப்படி நடந்து போவது, காற்று போகிற பக்கம் திறந்தவெளியாக இருக்கிறதா என்று. அந்தப் பக்கம் அடர்ந்த புதராக இருந்தால், எத்தனை எச்சம் கிடந்தாலும் அந்த இடத்தை விட்டுவிடுவேன். காற்று திசை மாறுவதால் ஒரு இடத்துக்கு இரண்டு மூன்று உட்காருமிடமாவது குறித்து வையுங்கள். ஆளிருக்கும் வீட்டிலிருந்து கால் மைலுக்குள் அனுமதியில்லாமல் சுடுவது குற்றம். அதையும் மேப்பில் அன்றைக்கே அளந்துவிடுங்கள்.

ஷோ லோவிலிருந்து: எங்க பக்கம் மலைக்காடு. வித்தியாசம் ஏதாவது?

பெரிய வித்தியாசம் ஓநாய். மெக்சிகோ சாம்பல் ஓநாயை 1998-இல் உங்கள் கிழக்குப் பக்கக் காட்டில்தான் மறுபடி விட்டார்கள். அழியும் தறுவாயில் உள்ள இனம், சுட்டால் கூட்டரசு வழக்கு. அதன் தடம் கயோட்டியுடையதைவிட ரொம்பப் பெரிது. உள்ளங்கை அளவுத் தடம் கண்ட இடத்தில் நான் கூப்பிடவே மாட்டேன்.

கோவில்பட்டியிலிருந்து: இதெல்லாம் நம்மூர் நரிக்கும் பொருந்துமா? அதோட, கயோட்டியைக் கொல்லத்தான் வேணுமா?

தடம், எச்சம், காற்று, ஊளை எல்லாம் பொருந்தும், ஆனால் கேமராவோடு போங்கள். இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நரியை வேட்டையாடக் கூடாது. பொங்கலுக்கு வாழப்பாடிப் பக்கம் வங்காநரி பிடித்தவர்களுக்கே வனத்துறை அபராதம் போட்டிருக்கிறது.

இரண்டாவது கேள்வி நியாயமானது. கன்றுக்குட்டியைக் காப்பாற்றுகிறேன் என்று நான் பெருமையடிப்பதில்லை. இங்கே அரசாங்கமே ஆண்டுதோறும் பல்லாயிரம் கயோட்டிகளைக் கொன்றும் அவை ஹவாய் தவிர எல்லா மாநிலங்களிலும் பரவியிருக்கின்றன. ரோமம் நன்றாக இருக்கும் குளிர்காலத்தில் மட்டும், தோலுக்காக வேட்டையாடுகிறேன். ஏப்ரல், மே குட்டி போடும் காலம். சட்டம் அனுமதித்தாலும் அப்போது போவதில்லை.

பீனிக்ஸ்காரரே மறுபடி: வழியில மாட்டுப் பண்ணை கேட் இருந்தா?

மூடியிருந்தால் மூடிவிட்டுப் போங்கள், திறந்திருந்தால் திறந்தே விடுங்கள். எதிரே பண்ணைக்காரர் வந்தால் வண்டியை நிறுத்திப் பேசுங்கள். எந்தக் குளத்தில் தண்ணீர் இருக்கிறது என்று மேப்பைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.